கேட்டால்தான் அவுட்

தார்ச்சாலை வருவதற்குள் மழை மறுபடியும் பிடித்துக்கொண்டது. தோளில் போர்வை மூட்டை, கையில் ரப்பர் பூட்ஸ், காலில் சிலிப்பர். தேயிலைக்கு நடுவே லாரி இறங்கும் செம்மண் பாதையில் வழுக்காமல் இறங்குவதே ஒரு வேலையாக இருந்தது. இடது தோள் வீங்கியிருந்தது. ஸ்டம்பால் வாங்கிய அடி. சட்டையில் இருந்த ரத்தம் என்னுடையது இல்லை. மேலே தொழிலாளர் குடியிருப்பான லயத்துப் பக்கமிருந்து கூச்சல் கேட்டது. முதலில் ஒரு குரல், பிறகு பல குரல்கள், பிறகு தகரத்தில் கல் விழும் சத்தம். நான் நிற்கவில்லை. வெளிச்சம் போவதற்குள் பெரிய ரோட்டைப் பிடித்தால் வடக்கே போகும் காய்கறி லாரி ஏதாவது கிடைக்கும்.

அந்தக் கூச்சலுக்கு நடுவில் அவர் இருந்தார். அங்கே போவதற்கு முன்னால் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். நான் பதில் சொன்னேன். அவ்வளவுதான் நடந்தது. ஆனால் அவர் எப்படிப்பட்ட ஆள் என்று தெரியாதவர்களுக்கு அது ஒன்றுமில்லாத விஷயமாகத் தெரியும்.

அவர் பெயரை எழுதப் போவதில்லை. லயத்தில் யாரும் அந்தப் பெயரைச் சொல்லி நான் கேட்டதுமில்லை. "அம்பயர் வராரு, வாய மூடு" என்பார்கள். ஆள் குள்ளம், தோள் அகலம். முன்பற்கள் இரண்டு இல்லை. பேசும்போது எதிரில் இருப்பவனின் முகத்தைப் பார்க்காமல் கையைப் பார்ப்பார். அந்தக் கை எந்த நேரமும் எழும் என்று பழகிப்போனவரின் பார்வை அது.

நான் ஃபாரம் டூவோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். பீடோரில் கொய்யாத் தோட்டம், சித்தியவானில் கோழிப்பண்ணை, ஈப்போவில் கார் கழுவும் கடை என்று எங்கும் ஒரு வருடம் தாண்டாமல் சுற்றியவன். மலையேறி வந்ததற்குக் காரணம் குளிர் அல்ல. கீழே என்னைத் தெரிந்தவர்கள் அதிகமாகிவிட்டார்கள். எஸ்டேட்டில் என்னை அவருக்கு ஜோடியாகப் போட்டார்கள். தேயிலை வெட்டும் மெஷினை இரண்டு பேர் பிடிக்க வேண்டும். செடி வரிசைக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர். நடுவில் பிளேடு. வெட்டிய கொழுந்து விழும் நீளப் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் மூன்றாவது ஆள் வருவான். என்ஜின் ஒரு முனையில்தான் இருக்கும். அந்த முனை கனம், காதை அடைக்கும். அதை அவர்தான் எடுப்பார், விட்டுக்கொடுக்க மாட்டார். பல வருடம் அப்படி நடந்ததில் அவருக்கு வலது காது பாதி போயிருந்தது. வலது பக்கம் நின்று எதையாவது சொன்னால் தலையைத் திருப்பி இடது காதைக் காட்டுவார்.

தங்கியதும் அவர் வீட்டில்தான். முன்னறையில் பாய் போட்டுக்கொள்ளலாம், சாப்பாடும் அங்கேயே. அவர் மனைவியை நான் அக்கா என்று கூப்பிடுவேன். கை தாராளமான பெண்மணி, ஆனால் சோற்றைப் போடும்போது அவர் தட்டுக்கு மட்டும் கரண்டி டங்கென்று சத்தம் போடும். ஏன் என்று பிறகு தெரிந்தது.

அந்த எஸ்டேட்டில் சமமான நிலம் என்றால் ஒரு பாடாங்தான். மற்றதெல்லாம் சரிவு, சரிவெல்லாம் தேயிலை. லயத்துத் தமிழர்கள் முன்பு அந்தத் திடலில் பந்து உதைத்தவர்கள். வெட்டு வேலைக்குப் பங்களாதேஷ்காரர்கள் வந்து கொங்சி என்ற தகரக் கொட்டகையில் குடியேறிய பிறகு கிரிக்கெட் வந்தது. டேப் சுற்றிய டென்னிஸ் பந்து. பட்டுப்போன தேயிலைக் கட்டையைச் சீவிச் செய்த ஸ்டம்ப். காலுக்குக் காப்பு, வேலைக்குப் போடும் அதே ரப்பர் பூட்ஸ்.

அங்கே ஒரு வழக்கம். பேட்டிங் செய்யும் அணிதான் தன் ஆள் ஒருவனை அம்பயராக நிறுத்த வேண்டும். இரண்டு பக்கத்துக்கும் பொதுவான மனிதன் அந்த மலையில் கிடையாது. அதனால் போல்டு உண்டு, கேட்ச் உண்டு, கொஞ்சம் கைகலப்புக்குப் பிறகு ரன் அவுட்டும் உண்டு. எல்.பி.டபிள்யூ மட்டும் கிடையாது. பந்து காலில் பட்ட இடம் ஸ்டம்புக்கு நேரா இல்லையா என்பது அம்பயர் கண்ணுக்கு மட்டும் தெரிவது. சொந்த ஆளை அப்படி வெளியே அனுப்ப யாருக்கு மனம் வரும்? பந்து போட்டவன் பழக்கத்துக்கு ஒரு கத்துக் கத்திவிட்டுத் திரும்பி நடப்பான். பேட் பிடித்தவன் சிரிப்பான்.

அவர் கொடுப்பார்.

நான் பார்த்த முதல் ஞாயிற்றுக்கிழமையே கொடுத்தார். லயத்து அணிக்குத் தலைவன் செல்வா, அக்காவின் தம்பி. மருந்து அடிக்கும் கும்பலில் வேலை, கை இரும்பு மாதிரி இருக்கும். பந்து அவன் பூட்ஸில் பட்டது. பந்து போட்ட பங்களாதேஷ்காரன் அரைமனதாகக் கையைத் தூக்கினான். இவர் விரலைத் தூக்கிவிட்டார்.

"மாமா, வெளையாடாதீங்க."

"நேரா பட்டுச்சு. போ."

"அவனுங்க அம்பயரு நமக்கு ஒரு எல்பி குடுத்திருக்கானா? ஒண்ணு? சொல்லுங்க."

"அவன நீ கேளு. என்ன அவங்க கேட்டாங்க, நான் சொன்னேன்."

மறுநாள் காலை மருந்து பம்பின் குழாயால் செல்வா அவரை முதுகில் விளாசினான். ஆள் கணக்கெடுக்கும் மஸ்டர் நிற்கிற இடத்தில், எல்லோரும் பார்க்க. அவர் குனிந்து வாங்கிக்கொண்டார். பிறகு மெஷினின் கனமான முனையைத் தூக்கிக்கொண்டு தேயிலைக்குள் இறங்கினார். சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது. அடுத்த ஞாயிறு வெள்ளைத் தொப்பியோடு வந்து பழைய இடத்தில் நின்றார். வேறு யாரும் அந்த இடத்துக்குப் போட்டி போடவில்லை.

அவரை நல்லவர் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. நானும் முதலில் அப்படி நினைத்து ஏமாந்தேன். நேர்மையான ஆளென்றால் பார்த்ததைச் சொல்வான். இவர், கேட்டால்தான் சொல்வார். கிரிக்கெட்டில் அப்படித்தான் சட்டம்: எதிர் அணி கேட்காவிட்டால் பேட் பிடித்தவன் அவுட்டே இல்லை. அந்த ஒரு சட்டத்தை எங்கிருந்தோ எடுத்துக்கொண்டு மனிதர் தன் வாழ்க்கை முழுவதையும் அதில் நிறுத்தியிருந்தார்.

ஒருமுறை லயத்து லாரி டிரைவர் பின்னால் நகர்ந்து அடித்தபோது அவன் பூட்ஸ் ஸ்டம்பில் இடித்தது. ஸ்டம்ப் சாய்ந்துவிட்டது. எல்லோர் கண்ணும் எல்லைக்கு ஓடும் பந்தின் மேல். இவர் பார்த்தார். பேசாமல் நின்றார். டிரைவர் ஸ்டம்பைக் காலாலேயே நிமிர்த்திவிட்டான். அடுத்த பந்தும் போட்டாகிவிட்டது. பிறகுதான் யாரோ ஒருவன் எல்லையிலிருந்து ஓடிவந்து ஸ்டம்ப் சாய்ந்ததைச் சொன்னான்.

"பாத்தேன்," என்றார் இவர். "அப்பவே கேட்டிருக்கணும். இப்ப அடுத்த பந்து போட்டுட்டீங்க."

பந்து கையில் வைத்திருந்தவன் அதை நேராக அவர் வாயில் எறிந்தான். பக்கத்திலிருந்து, முழுக் கையையும் சுழற்றி. முன்பற்கள் போனது அப்போதுதான். ரத்தத்தோடு துப்பி, பற்களைக் கையில் வாங்கிப் பார்த்து, சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, "இன்னும் ஒரு பந்து இருக்கு," என்றார்.

பந்து நேராகத் தேயிலைக்குள் போய் விழுந்தால் அவுட் என்பதும் அவர் கொண்டுவந்த சட்டம்தான். மற்ற இடங்களில் அது சிக்ஸர். ஆனால் கவ்வாத்து வெட்டிய செடி என்பது இடுப்புக்குக் கீழே கூர் சீவிய கட்டைகளின் கூட்டம். பந்தைத் தேடிக் குனிந்த ஒருவனுக்குக் கட்டை கண்ணில் ஏறியது. அவனைத் தூக்கி வந்த நாளில், அடுத்து என்ன செய்யலாம் என்று அணித்தலைவர்கள் இவரைக் கேட்டார்கள். கேட்டதனால் சொன்னார். இரண்டு அண்ணன் தம்பிகள் ஒரே பக்கம் ஓடிப்போய், அவுட் யார் என்று பேட்டால் ஒருவரையொருவர் மண்டையில் போட்டுக்கொண்டதும் உண்டு. கீப்பர் ஸ்டம்பைப் பிடுங்கிக்கொண்டு கேட்கும்வரை இவர் அந்தச் சண்டையைக் கையைக் கட்டிக்கொண்டு பார்த்திருந்தார். பிறகு தரையில் கிடந்தவனைக் காட்டி விரலைத் தூக்கினார். விரல் எழும்போது அவர் முகத்தில் ஒரு தெளிவு வரும். எனக்கு அது பிடிக்காது.

கரண்டிச் சத்தத்தின் காரணத்தை அக்கா ஒருநாள் மரவள்ளி உரித்துக்கொண்டே சொன்னார். அவர்களுக்கு ஒரே மகன். பக்கத்து லயத்து ஆளின் மோட்டார் சைக்கிளை எடுத்துப்போய் டவுனில் விற்றுவிட்டான். மோட்டார்க்காரன் வீடு வீடாக விசாரித்தான். ஒருவரும் வாய் திறக்கவில்லை. கடைசியில் இவரிடம் வந்தான்.

"அம்பயரே, நீ ஏதும் பாத்தியா?"

"பாத்தேன். என் மகன்தான் தள்ளிட்டுப் போனான்."

கோயில் கொட்டகைத் தூணில் பையனைக் கட்டி வைத்து மோட்டார் செயினால் அடித்தார்கள். ஒரு கையில் மூன்று விரல் பிறகு மடங்கவே இல்லை. கட்டை அவிழ்த்ததும் பையன் அப்படியே மலை இறங்கிப் போனவன்தான். ஜொகூரில் இருக்கிறான் என்று கேள்வி.

"அடிக்கறப்ப இவரு அங்கதான் நின்னாரு," என்றார் அக்கா. "தள்ளி நின்னாகூட மனசு ஆறியிருக்கும்லா. பக்கத்துல நின்னாரு."

அவரிடமே நான் கேட்டேன். எனக்கும் அந்தப் புத்தி வந்துவிட்டது, கேட்டால் சொல்வார் என்று.

"ஏண்ணே சொன்னீங்க?"

"கேட்டான்."

"தெரியாதுன்னு சொல்லியிருக்கலாமே."

"தெரியுமே."

"அடிக்காதீங்கன்னாச்சும் சொல்லியிருக்கலாம்."

அவர் மெஷினின் கயிற்றை இழுத்து என்ஜினைக் கிளப்பிவிட்டார். அதற்கு மேல் எதுவும் காதில் விழாது.

இன்னொன்றையும் நானே பார்த்தேன். குத்தகைக்காரனுக்கு ஆட்களை மேய்க்கும் மண்டோர் ஒருவன், ரபீக் என்ற பங்களாதேஷ்காரனை முரட்டு இலையும் சேர்த்து வெட்டிவிட்டான் என்று கீழே தள்ளி மிதித்தான். பிறகு அவன் இடது கையைப் பிடித்து, சூடாக ஓடிக்கொண்டிருந்த எங்கள் மெஷினின் புகைக்குழாய் மேல் வைத்து அழுத்தினான். தோல் குழாயிலேயே ஒட்டிக்கொண்டது. மெஷினை நாங்கள் இரண்டு பேரும் பிடித்தபடி நின்றோம். சாயங்காலம் ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி, கை எப்படி வெந்தது என்று மண்டோரை மட்டும் கேட்டார். அவனே தடுக்கி விழுந்தான் என்று மண்டோர் சொன்னான். விசாரணை முடிந்தது. நாங்கள் வாசலில்தான் நின்றிருந்தோம். நான் வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, வேலை வேண்டியிருந்தது. இவருக்கு அப்படி ஒரு பயமும் கிடையாது.

"ஏண்ணே, நீங்க சொன்னா கிராணி நம்புவாருல்ல?"

"கேக்கலையே. கேட்டா சொல்லியிருப்பேன். கேக்காம போய்ச் சொன்னா அது கோள்."

இதைச் சொன்னபோது அவர் ஒரு வாழைப்பழத்தை உரித்துக்கொண்டிருந்தார்.

ரபீக்தான் அந்தப் பக்கத்துக்கு வேகமான பந்துவீச்சு. கை ஆறியதும் மறுபடி வந்தான். இடது கையில் துணி சுற்றிக்கொண்டு வலது கையால் போட்டான். முன்பைவிட வேகமாக, பெரும்பாலும் காலைக் குறிவைத்து.

இதற்கிடையில் பாடாங் பிரச்சினை முற்றியது. ஞாயிறு மதியம் யாருக்கு என்று வாரா வாரம் அடிதடி. லயத்துக்காரர்களுக்கு அது தங்கள் திடல். தாத்தாக்கள் கல் பொறுக்கிச் சமம் செய்தது என்பார்கள். பங்களாதேஷ்காரர்களுக்கு வாரத்தில் அந்த ஒரு அரைநாள்தான் மனிதர்களாக இருக்கக் கிடைப்பது. மேனேஜர் இரண்டு பக்கத்தையும் கூப்பிட்டு, "நீங்களே பேசி முடிங்க, இல்லன்னா வேலி போட்டு லாரி நிறுத்திடுவேன்," என்றார். பேசி முடிக்க அவர்களுக்குத் தெரிந்தது ஒரு வழிதான். ஒரு ஆட்டம். ஜெயித்தவர்களுக்குப் பாடாங். தோற்றவர்கள் இனிமேல் ஞாயிற்றுக்கிழமை அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கக் கூடாது.

பங்களாதேஷ்காரர்கள் ஒரே ஒரு நிபந்தனை வைத்தார்கள். லயம் பேட் பிடிக்கும்போது அம்பயராக அவர் நிற்க வேண்டும். செல்வா காறித் துப்பிவிட்டு ஒத்துக்கொண்டான். பங்களாதேஷ்காரர்களுக்கு ஓர் ஆள் குறைந்தது. நான் எந்தப் பக்கமும் சேராதவன் என்பதால் என்னைக் கேட்டார்கள். தோட்டக் கையுறை இரண்டை மாட்டிக்கொண்டு ஸ்டம்புக்குப் பின்னால் கீப்பராக நின்றேன்.

காலையில் அக்கா அவருக்கு இட்லி வைத்தார். அன்று கரண்டி சத்தம் போடவில்லை. "என் தம்பி ஆடுறான்," என்றார், சுவரைப் பார்த்து. "ஒருநாள் கண்ண மூடிக்கிட்டா ஒண்ணும் கெட்டுப்போவாது. நாலு பேரு மத்தியில நானும் நடமாடணும்." அவர் தட்டிலேயே கை கழுவினார். அக்கா கேட்கவில்லை, சொல்லத்தான் செய்தார்.

பங்களாதேஷ்காரர்கள் முதலில் பேட் பிடித்தார்கள். அதில் செல்வாவின் ஆட்கள் தெளிவான இரண்டு எல்பிக்குத் தொண்டை கிழியக் கத்தினார்கள். அவர்களுடைய அம்பயர் வானத்தைப் பார்த்தான். பிறகு லயத்தின் முறை. விக்கெட்டுகள் விழுந்தன, ஓட்டங்களும் வந்தன. கடைசி ஜோடி நின்றது. செல்வாவும் லாரி டிரைவரும். ஒரு பவுண்டரி போனால் பாடாங் லயத்துக்கு. மேடு முழுவதும் பெண்களும் கிழவர்களும். செல்வா வாய் ஓயவில்லை.

"டேய் பங்ளா, பெட்டிய கட்டி வச்சிட்டியா?"

ரபீக் ஓடி வந்து போட்டான். பந்து தாழ்ந்து காலுக்கு நேராக உள்ளே வந்தது. செல்வா குனிந்து தடுத்தான். எனக்கு இரண்டு சத்தம் கேட்டது. டேப் பந்து மட்டையில் பட்டால் காய்ந்த சத்தம், ரப்பர் பூட்ஸில் பட்டால் ஈரச் சத்தம். முதலில் காய்ந்தது. லேசாகத்தான், நகத்தால் பலகையைச் சுண்டினாற்போல. உடனே ஈரமானது. மட்டையில் பட்ட பிறகு காலில் பட்டால் எல்பி கிடையாது.

ரபீக் முட்டி போட்டு இரண்டு கையையும் விரித்துக் கத்தினான். அவனோடு எல்லோரும் கத்தினார்கள். நான் கத்தவில்லை. மேட்டிலிருந்து லயத்துக்காரர்கள் "பேட்டு! பேட்டு!" என்று கூவினார்கள். போல்டானால்கூட அப்படித்தான் கூவுவார்கள், அதை யார் கணக்கில் எடுப்பார்?

அவர் நேராகப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு விரல் எழுந்தது.

செல்வா அவசரப்படவில்லை. பேட்டைத் தோளில் வைத்துக்கொண்டு நடந்து போனான். எழுந்த விரலை ஒரு கையால் பிடித்து, கதவின் தாழ்ப்பாளைத் திருப்புவது மாதிரிப் பின்னால் மடக்கினான். அது முறிந்த சத்தம் எனக்கு ஸ்டம்ப் வரைக்கும் கேட்டது. அவர் பிறகு இடது கையைத் தூக்கி, அதில் விரலை நீட்டினார்.

ரபீக் நடுவில் புகுந்தான். செல்வா பேட்டைச் சுழற்றியதில் அது ரபீக்கின் காதுக்கு மேல் இறங்கியது. மண்டைத் தோல் விரிந்து எலும்பு தெரிந்தது. அதற்குப் பிறகு யார் யாரை அடித்தார்கள் என்று சொல்ல முடியாது. ஸ்டம்புகளைப் பிடுங்கிக்கொண்டார்கள். மேட்டிலிருந்து கிழவர்கள்கூட இறங்கி வந்தார்கள். தரையில் விழுந்த இவரை நான்கைந்து பூட்ஸ் கால்கள் உதைத்தன. எல்லாமே லயத்துக் கால்கள். நான் ரபீக்கைத் தூக்கித் தேயிலை ஓரம் இழுத்துப் போட்டேன். சட்டை ரத்தம் அவனுடையது. பெரிய மழை வந்ததனால்தான் நின்றது. போலீசை யாரும் கூப்பிடவில்லை. லயத்துக்காரர்களுக்கு வேலை போய்விடும், பங்களாதேஷ்காரர்களுக்குப் பெர்மிட் போய்விடும்.

நானும் அவரும் வீட்டுக்குப் போனபோது சாமான்கள் வாசல் சேற்றில் கிடந்தன. என் மூட்டையும் அதோடு கிடந்தது. அக்கா கதவில் நின்றார்.

"மொதல்ல புள்ள. இப்ப தம்பி. அடுத்து நான்தான். நான் அதுவரைக்கும் காத்திருக்க மாட்டேன். நீங்க போங்க."

"எங்க போறது?"

"என்ன ஏன் கேக்குறீங்க?"

கதவு சாத்திக்கொண்டது.

கொழுந்து எடை போடும் கொட்டகையில் போய் மழைக்கு ஒதுங்கினோம். அவர் விரல் கத்தரிக்காய் நிறத்தில் வீங்கியிருந்தது. ஒரு மூங்கில் சில்லை வைத்துத் துணியால் கட்டிவிட்டேன். முகம் ஒரு பக்கம் அடையாளம் தெரியவில்லை. அவர் இடது காதை என் பக்கம் திருப்பினார்.

"எல்லாரும் கேட்டாங்க. கீப்பர் நீ, கேக்கல. ஏன்?"

அப்போதுதான் புரிந்தது, அந்த அமளியிலும் அவர் அதைக் கவனித்திருக்கிறார்.

"மட்டையில பட்டுச்சுண்ணே."

"பூட்ஸுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

"முன்னாடி."

"நல்லா கேட்டியா?"

"கேட்டேன்."

அவர் கட்டின விரலை மார்போடு வைத்துக்கொண்டு, மற்றக் கையால் தரையை ஊன்றி எழுந்தார்.

"எங்கண்ணே போறீங்க?"

"கொங்சிக்கு. ரபீக் ஆளுங்ககிட்ட மொதல்ல சொல்லணும். அப்புறம் செல்வாகிட்ட. அவன் அவுட் இல்ல. ஆட்டம் முடியல."

"அண்ணே, அங்க ரபீக் மண்ட பொளந்து கெடக்கான். இப்ப போயி பாடாங் உங்களுக்கு இல்லன்னு சொல்லப் போறீங்களா? கொன்னுடுவானுங்க. அந்தப் பக்கம் செல்வாவுக்கு இது தெரிஞ்சா பாராங் கத்தியோட கெளம்பிடுவான்."

சிலிப்பரைத் தேடிக்கொண்டிருந்தார்.

"யாருமே உங்கள கேக்கலையேண்ணே," என்றேன். எனக்குத் தெரிந்த கடைசி வழி அதுதான். "கேக்காம போய்ச் சொன்னா கோள்னு நீங்கதான சொன்னீங்க?"

அவர் திரும்பி, முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தார்.

"நான் கேட்டேன்ல," என்றார்.

ஒற்றைச் சிலிப்பரோடு மழையில் மேலே ஏறிப் போனார். நான் கீழே இறங்கினேன்.

அதற்குப் பிறகு அவரை நான் பார்க்கவில்லை. பல மாதம் கழித்து அந்த எஸ்டேட்டிலிருந்து வந்த ஒருவன் சொன்னான், அக்கா கடைசியில் கதவைத் திறந்துவிட்டாராம், விரல் கோணலாகக் கூடியிருக்கிறதாம். பாடாங்கில் இப்போது லாரிகள் நிற்கின்றனவாம்.

அன்று பெரிய ரோட்டில் ஒரு லாரி நின்றது. வடக்கே கோலா தெர்லாவில் டிரைவர் இறக்கிவிட்டான். ஒரு காய்கறித் தோட்டத்துக் கூரைக்கடியில் கூடைகளுக்கு நடுவே தூங்கினேன். காலையில் தோட்ட முதலாளி தவுக்கே வந்து என் தோளைப் பார்த்தார், கையைப் பார்த்தார், கத்தியைக் கொடுத்தார். முட்டைக்கோஸ் சீவும் வேலை. அடித்தண்டை வெட்டி, அழுகின வெளி இலையை உரித்து, லாரிக் கூடையில் அடுக்க வேண்டும்.

வெயில் ஏறும் நேரத்தில் ஒரு வேன் இரண்டு ஆட்களைக் கொண்டுவந்து இறக்கியது. ஒருவன் தலையில் பழைய டீசர்ட்டைச் சுற்றியிருந்தான். ரபீக். பெர்மிட் எஸ்டேட் பெயரில் இருந்தது. அங்கிருந்து ஓடிவந்த பிறகு அது வெறும் காகிதம். தவுக்கே அவனிடம் எதுவும் கேட்காமல் கத்தியைக் கொடுத்தார். அவன் என் எதிரில் வந்து உட்கார்ந்தான். சில கோஸ்களைச் சீவினான்.

லயத்தில் கற்ற தமிழ் அவனுடையது, மரியாதையும் ஒருமையும் கலந்து வரும், அம்பயரை அங்கள் என்பான். "அங்கள் வந்தான் கொங்சிக்கு," என்றான். "நாட் அவுட் சொன்னார். எங்க ஆள் அடிச்சான், கட்டையால. அங்கள் விழுந்தான், எழுந்தார், லயம் போனார். அப்புறம் செல்வா எல்லாம் வந்தான், பாராங், கல்லு. கொங்சி ஒடச்சான். நாங்க தேயிலைக்குள்ள ஓடினோம். அங்கள் வாசல்ல நின்னார். உள்ள போவாத, ஆட்டம் முடியல, பந்து போடணும், அப்படி கத்தினார். யாரு கேப்பான்?"

"அப்புறம்?"

"நான் ஓடிட்டேன். பாக்கல."

கத்தி வேலை செய்துகொண்டிருந்தது. ஒரு கோஸை உருட்டிப் பார்த்து, உள்ளே புழு ஏறியிருந்ததைத் தூர எறிந்தான்.

"நீ சொன்னியாம் அவருக்கு. பேட் சத்தம் கேட்டுச்சுன்னு."

"கேட்டார். சொன்னேன்."

அவன் தலையாட்டினான். கோபம் தெரியவில்லை.

"எனக்கும் கேட்டுச்சு," என்றான்.

நான் கத்தியை நிறுத்தினேன்.

"அப்ப ஏன் கேட்ட?"

"அங்களுக்கு வலது காது இல்ல. எல்லாருக்கும் தெரியும். கால்ல பட்டது பாத்திருப்பார், பேட் சத்தம் கேட்டிருக்காது. கேட்டா குடுப்பார்." டீசர்ட்டின் ஓரத்தில் ரத்தம் புதிதாகக் கசிந்தது, புறங்கையால் துடைத்தான். "ஞாயிறு மத்தியானம் ஒண்ணுதான எங்களுக்கு."

தவுக்கே தூரத்திலிருந்து கத்தினார், லாரி பதினோரு மணிக்குக் கிளம்ப வேண்டும் என்று. நான் அடுத்த கோஸை எடுத்தேன். கத்தி கூராக இருந்தது. அவன் தண்டை வெட்டித் தள்ளினான், நான் இலையை உரித்து அடுக்கினேன். அப்படிப் பிரித்துச் செய்தால் வேலை சீக்கிரம் முடியும் என்று இருவருக்கும் தெரிந்திருந்தது.